பத்திலிருந்து பன்னிரண்டு வரை

ஆயா வேலைக்கு மனு கொடுக்கத்தானே வந்திருக்கிறீர்கள்? கவரைப் பார்த்தாலே தெரிகிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே பெஞ்சில் இப்படித்தான் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்காருங்க அக்கா. இன்னும் நேரம் இருக்கிறது. மேடம் மீட்டிங்கில் இருக்கிறார்களாம். மீட்டிங் என்றால் அதுவும் போனில்தான்.

இவள் என் மகள். தன்ஷிகா. நாலு வயசு முடியப்போகிறது. பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டு அப்படியே தூங்கிவிட்டாள். தூங்கட்டும், கூப்பிடும்போது எழுப்பிக்கொள்ளலாம்.

என் பேர் பவளக்கொடி. காரைப்பட்டி அங்கன்வாடியில் நான்தான் ஆயா. மத்தியானம் வரைக்கும் நிச்சயமாக நான்தான். அதற்கப்புறம் தெரியாது. எங்கள் சென்டர் வேலையே காலியாகி உங்களுக்குக் கிடைத்தாலும் கிடைக்கும். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். கிடைத்தால் வாருங்கள், கெட்ட ஊர் இல்லை. அடுப்படி ஜன்னலில் நல்ல காற்று. குக்கர் கைப்பிடி மட்டும் ஆடும், துணி சுற்றித்தான் தூக்க வேண்டும்.

எனக்கு அதிகமாகப் பேச வராது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் வரைக்கும் என் குரல் எப்படி இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசி என்றால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். எட்டாவதோடு நின்றுவிட்டேன். எங்கள் அப்பா வறுமையினால் நிறுத்தினார் என்று ஊரில் சொல்லிக்கொள்வோம். உண்மை அதில்லை. ஒன்பதாவதில் இங்கிலீஷ் பாடத்தை எல்லோர் முன்னாலும் ஒப்பிக்கச் சொல்வார்களாம். அதற்குப் பயந்தே நான் போகவில்லை. பெரியவர்கள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளிடம் அப்படி இல்லை. பிள்ளைகள் நம்மை எடை போட்டுப் பார்ப்பதில்லை அல்லவா?

அதோ, கடைசித் தூண் பக்கத்தில் நீலச் சேலையில், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அவர்கள்தான் எங்கள் டீச்சர். ஜெசிந்தா டீச்சர். ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். அவர்கள் முன் சீட்டு, நான் பின் சீட்டு. பேசிக்கொள்ளவில்லை. இந்தப் பத்து நாளாகவே பேசிக்கொள்வதில்லை. "உப்பு இருக்கா", "சிலிண்டர் சொல்லியாச்சா", அவ்வளவுதான்.

அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பார்க்க வேண்டும் நீங்கள் அவர்களை. தவளைப் பாட்டு என்றால் தவளை மாதிரியே குதிப்பார்கள். அந்த வயசில், அந்த உடம்பில். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுக்கும். ஒரு பிள்ளை வாசலில் நுழையும்போதே முகத்தைப் பார்த்து, இது ராத்திரி சாப்பிடவில்லை, இதற்கு வயிற்றில் பூச்சி, இதன் அப்பன் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று சொல்லிவிடுவார்கள். இருபத்தாறு வருஷத்து அனுபவம்.

அப்புறம் கவர்மென்ட் போன் வந்தது.

இப்போது உங்களுக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், நாளைக்கு நீங்கள் வேலைக்கு வந்தால் தெரிந்திருக்க வேண்டும். வந்த பிள்ளைகளின் கணக்கை அந்தப் போனில் ஏற்ற வேண்டும். சாப்பிட்ட பிள்ளைகளை ஏற்ற வேண்டும். எடை, உயரம் ஏற்ற வேண்டும். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற மாதிரி பதினொரு மணிக்குள் ஒரு போட்டோ, சாப்பிடுகிற மாதிரி ஒரு போட்டோ. சத்துமாவு வாங்க வருகிற தாய்மார்கள் முகத்தைக் காட்டிக் கண்ணை மூடித் திறக்க வேண்டும். வெங்காயக் காட்டிலிருந்து நேராக வருவார்கள், கண்ணெல்லாம் எரிந்து சிவந்திருக்கும், முகத்தில் அப்பின புழுதியோடு. போன் அவர்களைத் தெரியாது என்று சொல்லிவிடும். பெற்ற தாயை, ஐந்து மாசப் பிள்ளை இடுப்பில் இருக்கும்போதே, நீ அவள் இல்லை என்று சொல்லும். முகம் கழுவிக்கொண்டு வா என்பார்கள் டீச்சர். கழுவிக்கொண்டு வந்தால் நெட்டு போயிருக்கும்.

நெட்டு எங்கள் ஊரில் ஒரே ஒரு இடத்தில்தான் நன்றாகக் கிடைக்கும். மேல்நிலைத் தொட்டி இருக்கிறதே, தண்ணீர் டேங்க், அதன் மூன்றாவது படி. இரண்டாவது படியில் கிடைக்காது. நான்காவதில் ஏறினால் ஆட்டம் கொடுக்கும். டீச்சர் பத்து மணிக்குப் போய் மூன்றாவது படியில் நிற்பார்கள். வெயிலில், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு. திரும்பி வரப் பன்னிரண்டு ஆகும். ஒருநாள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்கள்:

"முன்னாடி ஒரு பிள்ளை முகத்தைப் பாத்தா எனக்கு எல்லாம் தெரியும்டி கொடி. இப்ப முகம் போன்ல சரியா விழுந்துருக்கான்னுதான் பாக்குறேன்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் இருபத்திரண்டு பிள்ளைகள் என்ன செய்யும்? அதைச் சொல்லுங்கள்.

பாடத்துக்கும் போனிலேயே வழி சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டு வீடியோ வந்தது. ஒரு யானை தொப்பி போட்டுக்கொண்டு பாடும். டீச்சர் கிளம்புவதற்கு முன்னால் அதைப் போட்டுக் காட்டுவார்கள். உள்ளங்கை அகலப் போன், இருபத்திரண்டு தலை. முன்னால் இருக்கிற நாலு பிள்ளைக்கு யானை தெரியும். பின்னால் இருப்பதற்கெல்லாம் முன்னால் இருப்பவன் பிடரி தெரியும். யானை நன்றாகத்தான் பாடியது, குறை சொல்லவில்லை. ஆனால் யானை யாரையும் பார்க்காது அக்கா. ஒரு நாள் அது பாடிக்கொண்டே இருக்கிறது, போனைப் பிடித்திருக்கிற டீச்சர் கண்ணும் அதிலேயே இருக்கிறது, இங்கே கடைசி வரிசையில் மணிமாறன் என்று ஒரு பயல் மூக்குக்குள் பாசிப்பயறு ஒன்றைப் போட்டுவிட்டான். கண் இரண்டும் வெளியே வந்துவிட்டது. யானை அடுத்த அடியைப் பாடுகிறது. நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, அவன் மறு மூக்கைப் பொத்தி, ஊதச் சொல்லி, பயறு போய்ச் சுவரில் அடித்தது.

வீட்டில் நான் தன்ஷிக்குப் போன் காட்டித்தான் சோறு ஊட்டுவேன். போன் இல்லாமல் ஒரு வாய் இறங்காது. அது வேறு. வீட்டில் சோறு இறங்க வேண்டும், அங்கே படிப்பு ஏற வேண்டும். இரண்டும் ஒன்றாகுமா? இதை எங்கள் நாத்தனார் புரிந்துகொள்ளாமல், நீ மட்டும் என்னவாம் என்று கேட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, அவளுக்கு என்ன தெரியும்.

அந்தப் பயறு நாளிலிருந்துதான் நான் ஆரம்பித்தேன். பாடம் நடத்துவது என்று பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அடுப்படி வாசப்படியில் அரிவாள்மனையைப் போட்டு உட்காருவேன். பிள்ளைகள் இந்தப்பக்கம் நெருங்காமல் இருக்க ஒரு சாக்கை விரித்து, அதுதான் எல்லைக்கோடு என்பேன். காய் நறுக்கிக்கொண்டே பேசுவேன். 'ட' போட இரண்டு பீன்ஸ் போதும், ஒன்று நிற்கட்டும், ஒன்று படுக்கட்டும். 'ப' போட மூன்று. 'ம' என்றால் பீன்ஸ் வளையாது, உடைந்துவிடும், அதற்குப் புடலங்காய் வளையத்தைப் பாதியாக வெட்டி வைப்போம். பத்து நாளில் எல்லாப் பிள்ளைக்கும் 'படம்' போட வந்துவிட்டது. கடைசியில் அந்த எழுத்துகளை அள்ளிக் கழுவிச் சாம்பாரில் போட்டுவிடுவேன். தான் போட்ட எழுத்து தன் தட்டில் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவார்கள். பீன்ஸ் ஒதுக்கி வைக்கிற பிள்ளை எங்கள் சென்டரில் ஒன்று கிடையாது. எடை ஏறியிருக்கிறது. அதைத்தான் டீச்சர் போனில் ஏற்றினார்கள்.

கதையும் உண்டு. குக்கரை ஏற்றி வைத்துவிட்டுத்தான் கதை தொடங்கும். மூன்றாவது விசிலுக்குள் முடிந்துவிட வேண்டும். முதல் விசிலில் கதையில் யாருக்காவது ஆபத்து வந்துவிடும், இரண்டாவது விசிலில் அது பெரிதாகும். மூன்றாவது வருவதற்குள் தப்பித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பருப்பு குழைந்துவிடும். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எல்லாம் நானாகச் சொல்கிற கதைதான். எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியாது. பெரிய ஆள் யாராவது வாசலில் நிழல் தட்டினால் அப்படியே வாயை மூடிக்கொள்வேன். தபால்காரர் வந்தால் கூட.

பதினாலு மாதம். பத்திலிருந்து பன்னிரண்டு வரை. டீச்சருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே டேங்குக்குப் போவார்கள். "நீ பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. இல்லை, பெருமை என்று சொல்ல முடியாது. பிடித்திருந்தது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாசக் கடைசி வியாழக்கிழமை மேடம் எங்கள் சென்டரைப் பார்வையிட வந்தார்கள். உள்ளே இருக்கிறார்களே, அதே மேடம்தான். நல்லவர்கள். நாற்காலி போட்டும் உட்காராமல் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டார்கள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இடுக்கு வழியாகப் பார்த்தேன். டீச்சர் யானையைக் காட்டலாம் என்று போனை எடுத்தார்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, யானை வரவில்லை. டீச்சருக்கு வியர்த்துவிட்டது. மேடம் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, முன்னால் இருந்த இவளைக் கூப்பிட்டார்கள். இத்தனை பிள்ளையில் இவளை.

"உங்க டீச்சர் எப்படிப் பாடம் சொல்லிக் குடுப்பாங்க? செஞ்சு காட்டு பாப்பா, பாக்கலாம்."

இவள் சுற்றிப் பார்த்தாள். விளையாட்டுக் கட்டைகளில் நீளமான சிவப்புக் கட்டை ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் இங்க பாருங்க. கையக் கட்டு. அசையாத. ஏய், சிரி." கட்டையை விரலால் தேய்த்தாள். "சுத்துது. இன்னும் சுத்துது. இருங்க, டேங்குக்குப் போயிட்டு வரேன்." வாசல் வரைக்கும் நடந்துபோய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாள்.

இது அவர்கள் தினமும் விளையாடுகிற விளையாட்டுத்தான். டீச்சர் விளையாட்டு என்று பேர். ஆளுக்கு ஒருநாள் டீச்சர். எனக்குத் தெரியும், டீச்சருக்குத்தான் தெரியாது. இவளாவது நடித்தாள், பரவாயில்லை. மற்ற இருபத்தொரு பிள்ளையும் கையைக் கட்டி, பல்லைக் காட்டி, அந்தக் கட்டை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன. ஒருத்தன் கூட இமைக்கவில்லை. மேடம் முதலில் சிரித்தார்கள். பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை.

"அப்ப கதையெல்லாம் யாரு சொல்லுவாங்க?"

"அம்மா."

"வீட்டுலயா?"

"இல்ல. இங்க. பீன்ஸு வெச்சு ட போடும். மூணு விசிலு கதை." அடுப்படியைக் காட்டினாள்.

மேடம் எழுந்து வந்தார்கள் அக்கா. கதவைத் தள்ளினார்கள். நான் கரண்டியோடு நிற்கிறேன். "நீங்களா பாடம் நடத்துறீங்க?" என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்கள். ஆமாம் என்று ஒரு சொல். அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர்கள் தோளுக்கு மேலே டீச்சர் முகம் தெரிந்தது. வெளுத்துப் போயிருந்தது.

"இல்லைங்க மேடம். நான் சமையல்தான்."

இது நல்லா வந்தது வாயில். வர வேண்டியது வரவில்லை, இது வந்தது.

மேடம் இவள் பக்கம் திரும்பினார்கள். கன்னத்தைக் கிள்ளி, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். "பொய் சொல்லக் கூடாது பாப்பா." அதை இருபத்தொரு பிள்ளையும் கேட்டன. இவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பருப்பைக் கிண்டினேன். வெந்து இறக்கின பருப்பை.

அன்று சாயங்காலமே டீச்சர் பிடித்துக்கொண்டார்கள். நீதான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து என்னைக் கேலி செய்ய வைத்தாய் என்றார்கள். இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தரும் என்னை இப்படிக் கூனிக்குறுக வைத்ததில்லை என்று அழுதார்கள். நானும் அழுதேன். அடுத்த வாரம் ஆபீசிலிருந்து தாள் வந்தது. வகுப்பு நேரத்தில் என்ன நடக்கிறது என்று இரண்டு பேரும் நேரில் வந்து எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும் என்று. டீச்சர் தாங்களே எனக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்தார்கள். முத்து முத்தான எழுத்து. 'என் மகளுக்கு வீட்டில் நான் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்ததை அவள் அதிகாரி முன்னிலையில் உண்மை போலச் செய்துகாட்டிவிட்டாள் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' கீழே ஒரு பெருக்கல் குறி. அங்கே நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் உனக்கு ஒரு எச்சரிக்கை, அதோடு முடிந்துவிடும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்கள்.

இவள் அப்பா பெங்களூரில் ஓட்டல் வேலையில் இருக்கிறார். போனில் சொன்னேன். "போட்டுட்டு வேலையைப் பாரு. நாலு வயசுப் பிள்ளைக்கு மானமா மரியாதையா? நாளைக்கே மறந்துரும்" என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்து ஜாக்கெட்டில் சொருகிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன். காய் நறுக்கிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

டீச்சர் வழக்கம்போல டேங்குக்குப் போனார்கள். குக்கரை ஏற்றினேன். சாக்கை விரித்தேன். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தன. ஒரு ஊரில் ஒரு எருமைக் கன்று என்று ஆரம்பித்தேன். இவள் மட்டும் எழுந்து நின்றாள். என் கிட்டே வந்து, எல்லைக்கோட்டைத் தாண்டி வந்து, என் வாயைக் கையால் பொத்தினாள்.

"அம்மா, நீ சமையல்தான். கதை சொல்லாத. பொய்யாயிரும்."

அடித்தாற்போல் இருந்தது அக்கா. இதைக் கேட்டு அந்த மணிமாறன் பயல் எழுந்து, ஆயாம்மா கதை சொல்லலை, பொய் சொல்லுது என்று கைதட்டினான். ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டன. போய், சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டன. மூன்று விசில் அடித்தது, நான்கு அடித்தது. யாரும் எண்ணவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன். டீச்சர் கடிதத்தை மடித்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்துவிட்டேன். தன்ஷியின் டிராயிங் நோட்டில் நடுப்பக்கத்தைக் கிழித்து நானே எழுதினேன். எட்டாவதுக்கு அப்புறம் இத்தனை வரி நான் எழுதினதே இல்லை. பின்பக்கம் இவள் வரைந்த கோழி இருக்கிறது, இருக்கட்டும். என் பையில்தான் இருக்கிறது, மனப்பாடமாகவே சொல்வேன்.

'மேடம் அவர்களுக்கு. என் மகள் தன்ஷிகா பொய் சொல்லவில்லை. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்ததைச் செய்தாள். பதினாலு மாதமாகப் பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். டீச்சர் சும்மா இருக்கவில்லை. அந்த நேரம் வெயிலில் டேங்குப் படியில் போனோடு நிற்கிறார். ஒரு ஆளால் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. நீங்கள் கேட்டபோது நான் இல்லை என்று சொன்னதுதான் பொய். அதை நான் சொன்னேன். என் மகள் சொல்லவில்லை. ஆகவே தாங்கள் என் மகளிடம் அவள் பொய் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும்.'

இவ்வளவுதான். டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். இல்லை அல்லவா? ஆனால் நாத்தனார், டீச்சருக்கு நீ குழி வெட்டிவிட்டாய் என்கிறாள். நடந்ததை எழுதினால் குழியா?

போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அக்கா. போன் இருக்கட்டும். அதற்கென்று ஒரு ஆள் போட்டு டேங்கில் ஏற்றி உட்கார வைக்கட்டும். டீச்சர் வந்து தவளை மாதிரி குதிக்கட்டும். நான் காய் நறுக்குகிறேன். இல்லையா, டீச்சர் படியிலேயே நிற்கட்டும், நான் கதை சொல்கிறேன். சொல்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ளட்டும். இரண்டில் ஒன்று.

இருங்கள், டீச்சர் இங்கே கை காட்டுகிறார்கள். என்னைத்தான். பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா, தலை சரிந்துவிடப் போகிறது.

வந்துவிட்டேன். எழவில்லையே? நல்லது.

கடிதத்தைக் கேட்டார்கள். கொடுத்தேன். நான் கொண்டுவந்திருப்பது அவர்கள் எழுதினது இல்லை என்று தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முழுக்க வாசித்தார்கள். கோழியையும் பார்த்தார்கள். கத்துவார்கள் என்று நினைத்தேன், கத்தவில்லை. போனைத் திறந்து எனக்குக் காட்டினார்கள். இத்தனை நாளும் அதை நான் கிட்டே போய்ப் பார்த்ததே இல்லை.

"இங்க பாரு. வகுப்பு நடந்ததான்னு கேக்கும். ஆமா, இல்ல. அவ்வளவுதான் இதுல இருக்கு. யார் நடத்துனாங்கன்னு கேக்குற இடமே இல்லடி. தினம் ஆமான்னு போட்டேன். நடந்துச்சுல்ல? நான் ஒரு நாளும் பொய் போடல."

"நடந்துச்சு டீச்சர். அதைத்தான் நானும் எழுதியிருக்கேன்."

போனை அணைத்துப் பையில் போட்டார்கள். அப்புறம், "எனக்கு ரிட்டையராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு கொடி" என்றார்கள்.   பிரசவத்துக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவர்கள்தான். இவளை முதலில் தூக்கினதும் அவர்கள்தான். அதையெல்லாம் மறந்துவிடுவேனா? மறக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது என்றால், இவளுக்கு எத்தனை வருஷம் இருக்கிறது? அதை நான் கேட்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கெஞ்சவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அது என்னால் முடிந்தது.

 பயம் இல்லை என்று சொன்னால் பொய். உள்ளே போனதும் மேடம் கடிதத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வாயால் சொல்லு என்பார்கள். அதுதான் எனக்கு. அதனால்தான் உங்களிடம் ஒரு தடவை முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். முன்பின் தெரியாத ஒரு பெரிய ஆளிடம் இவ்வளவு நேரம் நான் பேசினது இதுதான் முதல் தடவை. எங்கேயும் நின்றுபோகவில்லையே? கோர்வையாகத்தானே வந்தது?

வேலை போனால் போகட்டும் என்று சொல்கிற அளவுக்கு எனக்கு வசதி இல்லை. போகக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அதற்காக அந்தக் கையெழுத்தைப் போட மாட்டேன். உங்களுக்குக் கிடைத்தால் ஒன்றே ஒன்று, காய் நறுக்குவதற்கு முன்னால் பிள்ளைக்கு மூன்று பீன்ஸாவது கையில் கொடுங்கள்.

கூப்பிடுகிறார்களா? காரைப்பட்டி என்றுதானே சொன்னார்? ஆமாம். டீச்சரும் வருகிறார்கள்.

தன்ஷி, எந்திரி கண்ணு. வாயைத் துடை. செருப்பு எங்கே? இந்தா, இடது கால். இறங்கு, நடந்து வா, தூக்க மாட்டேன். நீ நடந்துதான் வரணும்.

பியூன் அண்ணன் கையை நீட்டி மறிக்கிறார் பாருங்கள். பிள்ளையை வெளியே விட்டுவிட்டு வர வேண்டுமாம்.

"இல்லண்ணே. நீ பொய் சொன்னேன்னு மேடம் இவகிட்டத்தான் சொன்னாங்க. இல்லைங்கிறதையும் இவகிட்டத்தான் சொல்லணும். வழி விடுங்க."